ஆம்ப்ளிஃபயரில் பாட்டு கிழிகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். பாட்டு கிழிவது மெதுவாக வைத்திருக்கும்போதா, கூட்டும்போதா? போட்ட உடனேயா, சூடேறிய பிறகா? ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? இவை தெரிந்தால் தேட வேண்டிய இடம் போர்டில் ஒரு மூலைக்குச் சுருங்கிவிடும். கீழுள்ள தலைப்புகளும் அந்தக் கணக்கில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

இங்கே சொல்வது டிரான்சிஸ்டர், ஐசி ஆம்ப்களுக்கு. கிளாஸ் டி (வெளியீட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓட்டும் வகை) எங்கே வேறுபடுமோ அங்கே தனியாகக் குறிப்பு இருக்கிறது. வால்வு ஆம்ப்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் திறக்கவே கூடாது.

மேசையில் என்ன வேண்டும்

சீரிஸ் பல்பு: 60 அல்லது 100 வாட் இழை பல்பு. எல்ஈடி உதவாது. ஆம்பின் கரண்ட் லைனில் தொடராகப் போட்டு ஆன் செய்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட். பவர் சோதனைக்குப் போகும்போது பல்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் சப்ளை சரிந்து நல்ல ஆம்பும் கிழியும். இந்த ஒரு மறதியால் வீணாகும் நேரம் அதிகம்.

டம்மி லோடு: ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர். அலுமினிய உறை போட்ட வகை என்றால் ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) திருகி வையுங்கள். வெறுமனே மேசையில் கிடந்தால் அது எழுதியிருக்கும் வாட்டைத் தாங்காது. 33 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் நான்கை இணையாகப் போட்டால் 8.25 ஓம், 40 வாட் கிடைக்கும். சிறிய ஆம்ப்களுக்கு அதுவே போதும்.

மல்டிமீட்டர்: விலை குறைந்த மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்ட்டைத் தவறாகக் காட்டும். அதனால் அளவு பார்க்கும் சோதனைகளை 100 முதல் 400 ஹெர்ட்ஸ் டோனில் (ஒரே அதிர்வெண்ணுள்ள சோதனை ஒலி) செய்யுங்கள்.

அலையைப் பார்க்க ஆஸிலோஸ்கோப். நுண்ணிய சிதைவை அளக்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும், கணினியில் ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருளும். ஸ்பீக்கர் வெளியீட்டை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகினால் அதன் உள்ளீடு போய்விடும். 4.7 கிலோ ஓமைத் தொடராகவும் 220 ஓமைத் தரைக்கும் (கிரவுண்ட்) போட்டு ஒரு டிவைடர் கட்டுங்கள். 20 வோல்ட் உள்ளே போனால் 0.9 வோல்ட் வெளியே வரும். கிளாஸ் டி ஆம்புக்கு 220 ஓமுக்கு இணையாக 10 நானோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால், சில நூறு கிலோஹெர்ட்ஸில் இருக்கும் சுவிட்சிங் மிச்சம் அளவைக் கெடுக்காது.

ஆம்பைச் சேர்க்கும் முன் இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் சொந்தச் சிதைவு 0.01 சதவீதம் என்றால் ஆம்பில் 0.005 சதவீதத்தைத் தேடுவதில் பொருளில்லை.

இரண்டு ஆபத்துகள்:

ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கரண்டை எடுத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 100 முதல் 220 ஓம் வரையிலான 5 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து வடியுங்கள். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் பொறி தெறித்து போர்டின் தடமே பெயர்ந்து வரும்.

அடுத்தது பிரிட்ஜ் வெளியீடு. கார் ஆம்ப்கள், கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை தரை அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. கரண்ட் இல்லாதபோது ஸ்பீக்கர் மைனஸுக்கும் உள்ளீட்டு ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே இல்லையென்றால் அதைப் பிரிட்ஜ் என்றே வைத்துக்கொண்டு ஸ்கோப்பின் தரை கிளிப்பை அங்கே மாட்டாதீர்கள். இரண்டு புரோப்களை இரண்டு முனைகளிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் 5 நிமிடம்

முதல் வேலை டிசி பார்ப்பது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சிக்னல் இல்லாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 100ஐத் தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. நேராக "எந்த அளவில் வைத்தாலும் கிழிகிறது" பகுதிக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் இடது வலது ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தால், கெட்ட பக்கம் இரண்டாவது ஸ்பீக்கரையும் எரித்துவிடும்.

டிசி சரி என்றால் ஆம்பின் உள்ளீட்டில் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். கோளாறு பக்கம் மாறினால் குற்றம் மூலத்தில் (பாட்டு வரும் ஃபோன் அல்லது பிளேயர்) அல்லது ஒயரில். மாறாவிட்டால் ஸ்பீக்கர்களை மாற்றுங்கள். கோளாறு ஸ்பீக்கரோடு போனால் கோனை இரு கைவிரல்களாலும் சமமாக, மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) தேய்கிறது, ஆம்பில் ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்தால் மூலத்தைச் சந்தேகியுங்கள். ஃபோனில் பாஸ் பூஸ்ட் போட்டு வால்யூமையும் முழுக்க வைத்தால் சிக்னல் ஆம்புக்கு வரும் முன்பே அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். ஈக்வலைசரை முழுவதும் அணைத்து, வேறொரு மூலத்தைச் செருகிப் பார்த்த பிறகே ஆம்பைத் திறப்பது நியாயம்.

அறிகுறி: மெதுவாக வைத்தால் கரகரப்பு, கூட்டினால் தெளிகிறது

இதில் இரண்டு கிளை. பிரித்தறிவது எளிது. ஒரு பக்கம் மட்டும் மங்கி, வால்யூமை ஒரு தடவை சட்டென்று கூட்டியதும் "டக்" என்று திரும்பி, அடுத்த முறை ஆன் செய்யும் வரை நன்றாக ஓடினால் அது காண்டாக்ட் கோளாறு. எப்போதும் ஒரே மாதிரி, மெல்லிய குரலின் ஓரங்களில் மணல் உரசுவதுபோல் இருந்தால் பயாஸ்.

காண்டாக்ட் என்றால்:

வால்யூம் பாட், பேலன்ஸ், ஸ்பீக்கர் செலக்டர், டேப் மானிட்டர் சுவிட்ச் ஆகியவற்றை 20, 30 முறை முழுக்கத் திருப்பியும் அழுத்தியும் பாருங்கள். மாறுதல் தெரிந்தால் காண்டாக்ட் கிளீனர். எண்ணெய் மட்டும் விடும் பொது உபயோக ஸ்பிரே வேண்டாம். கார்பன் தடத்தை அது கெடுக்கும், தூசியையும் பிடித்து வைக்கும்.

அடுத்து ஸ்பீக்கர் ரிலே. பாட்டு ஓடும்போது ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயின் தலையைத் தட்டினால் சத்தம் மாறும். அளந்து பார்க்க, 8 ஓம் டம்மி லோடில் 100 ஹெர்ட்ஸ் டோனை 8 வோல்ட் வரை கூட்டுங்கள். அப்போது ஓடுவது 1 ஆம்பியர். ரிலேயின் காண்டாக்டுக்கு இரு புறமும் மீட்டரை வைத்து ஏசி மில்லி வோல்ட் பார்த்தால், 30க்குள் இருந்தால் விடுங்கள், 100ஐத் தாண்டினால் மாற்றுங்கள். உப்புத் தாளால் தேய்ப்பது சில வாரங்களுக்குத்தான். மேற்பூச்சு போன காண்டாக்ட் மறுபடி கறுக்கும். புதிய ரிலே வாங்கும்போது காயில் வோல்ட், கால் அமைப்பு, காண்டாக்ட் ஆம்பியர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பயாஸ் என்றால்:

கிளாஸ் ஏபி ஆம்பில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் ஓட்டுகின்றன. கைமாறும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும். அதற்குத்தான் பயாஸ் கரண்ட். அது குறைந்தால் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அலையில் ஒரு படி விழும். சத்தம் சிறியதாக இருக்கும்போது அந்தப் படியே அலையின் பெரும் பங்கு. மெல்லிய இசையில்தான் இது காதை உறுத்துவது அதனால்தான்.

1 கிலோஹெர்ட்ஸ் டோனில் வெளியீட்டை 1 வோல்ட்டில் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள். படி கண்ணுக்கே தெரிந்தால் பயாஸ் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். ஸ்கோப்பில் அலை நன்றாகத் தெரிந்தாலும் அதை நம்பி நிறுத்த வேண்டாம். 1 சதவீதச் சிதைவே கண்ணுக்குத் தெரியாது. ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வாரியாக அளவைக் கம்பிகளாகக் காட்டும் படம்) 5, 7, 9 மடங்கு அதிர்வெண்களில் கம்பிகள் வரிசையாக நிற்கின்றனவா, அளவைக் குறைக்கக் குறைக்க அவற்றின் பங்கு கூடுகிறதா என்று பாருங்கள். மென்பொருள் காட்டும் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: இரைச்சலும் சேர்ந்த எண் என்றால், அளவு குறையும்போது எந்த ஆம்பிலும் அது கூடத்தான் செய்யும். தனித்தனிக் கம்பிகளைப் பாருங்கள்.

பயாஸ் வைக்கும் முறை: சிக்னல் இல்லை, வால்யூம் பூஜ்யம், ஸ்பீக்கர் இல்லை. எமிட்டர் ரெசிஸ்டர்கள் (வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருப்பவை) பெரும்பாலும் 0.22 ஓம், வெள்ளைச் சிமெண்ட் கட்டி வடிவில் இருக்கும். ஒரு ஜோடியின் இரு எமிட்டர்களுக்கு இடையே மீட்டரைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். கையால் புரோபைப் பிடித்தால் ஒரு வழுக்கலில் பேஸும் கலெக்டரும் ஒட்டி டிரான்சிஸ்டர் போய்விடும். முதல் ஆன் சீரிஸ் பல்போடு. எல்லாம் அமைதி என்றால் பல்பை எடுத்துவிட்டு 15, 20 நிமிடம் சூடேற விடுங்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் முதல் வழிகாட்டி. அது கிடைக்காவிட்டால் இரு எமிட்டர்களுக்கு இடையே 22 மில்லி வோல்ட்டில் தொடங்குங்கள், 0.22 ஓம் இரண்டு என்றால் அது 50 மில்லி ஆம்பியர். அங்கிருந்து ப்ரீசெட்டை (பயாஸை மாற்றும் சிறு திருகு ரெசிஸ்டர்) மிக மெல்லத் திருப்பி, ஸ்பெக்ட்ரத்தில் 5ஆம் 7ஆம் கம்பிகள் இறங்குவதைப் பார்த்து, இறக்கம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். எமிட்டர் ஃபாலோயர் (சிக்னலை எமிட்டரிலிருந்து எடுக்கும் அமைப்பு) வெளியீட்டில் 50 மில்லி வோல்ட்டைத் தாண்டத் தேவையில்லை. கூட்டினால் நல்லதுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் சிதைவு மறுபடி எழும். சூடும் ஏறும்: ±35 வோல்ட் பெட்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு ஒரு பக்கத்துக்கு 3.5 வாட், 200க்கு 14 வாட்.

எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது சர்க்யூட்டுக்குச் சர்க்யூட் மாறும். தொடும் முன் ப்ரீசெட்டின் இருப்பைப் பேனாவால் குறித்து வையுங்கள். பழைய திறந்த கார்பன் ப்ரீசெட் என்றால் அது தொடர்பு விட்டுப் போகும் ஆபத்து உண்டு. சில சர்க்யூட்டுகளில் அந்த ஒரு கணத்தில் பயாஸ் உச்சத்துக்குப் பாய்ந்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடும். மூடிய பல சுற்று ப்ரீசெட்டாக மாற்றிவிடுவது நல்லது. பழையதன் ஓம் எவ்வளவோ அதே ஓமில் வைத்துப் பற்ற வையுங்கள்.

ப்ரீசெட்டைத் திருப்பியும் எண் அசையவில்லை, அல்லது தானாக ஏறிக்கொண்டே போகிறது என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று பயாஸ் டிரான்சிஸ்டர், அல்லது வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு முந்திய டிரைவர் டிரான்சிஸ்டர். சர்க்யூட் வரைபடம் படிக்கத் தெரிந்தவரின் வேலை அது.

அறிகுறி: கூட்டும்போது மட்டும் கிழிகிறது

முதலில் இது கோளாறா, எல்லையா என்று கணக்குப் போடுங்கள். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட், அலையின் உச்சம் 28.3 வோல்ட். ±35 வோல்ட் சப்ளை லோடில் 32க்கு இறங்கும். வெளியீட்டுப் பகுதி 3, 4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ஆக அந்தப் பெட்டி 50 வாட்டுக்கு மேல் தராது. பெட்டியின் முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் சரி. டம்மி லோடில் 400 ஹெர்ட்ஸ் டோனைக் கூட்டிக்கொண்டே போய், ஸ்கோப்பில் தலை தட்டையாகும் வோல்ட்டைக் குறித்து, அதன் ஆர்எம்எஸ் மதிப்பை வர்க்கப்படுத்தி 8ஆல் வகுங்கள். சப்ளைக்கு ஏற்ற எண் வந்தால் ஆம்பில் குறை இல்லை. இன்னும் சத்தம் வேண்டுமானால் திறன் மிகுந்த ஸ்பீக்கரோ பெரிய ஆம்போ தேவை.

எண் குறைவாக வந்தால், எளியதிலிருந்து:

மேலும் கீழும் சமமாக, ஆனால் முன்கூட்டியே தட்டையாகிறது. சிக்னலைப் ப்ரீஆம்பை (வால்யூம், டோன் கட்டுப்பாடுகள் உள்ள முன்பகுதி) தாண்டி நேரே பவர் ஆம்பில் கொடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ப்ரீஆம்பின் ±15 வோல்ட்டைத் தரும் 7815, 7915 ரெகுலேட்டர்களை அளங்கள். இரண்டும் 9 வோல்ட் தந்தாலும் பாட்டு வரும்; உச்சத்தில் மட்டும் வெட்டுப்படும்.

தட்டையான தலையில் பல் போன்ற ஏற்ற இறக்கம் ஓடுகிறது. ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டிருக்கிறது. முழு லோடில் சப்ளையின் ரிப்பிளை (டிசியின் மேல் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) பாருங்கள். 8 ஓமில் 50 வாட் தரும் ஒரு பக்கத்துக்கு, 4,700 மைக்ரோஃபாரட் நல்ல நிலையில் இருந்தால் ரிப்பிள் 2 வோல்ட்டைச் சுற்றி நிற்கும். 4, 5 வோல்ட் வந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வோல்ட் மதிப்பு பழையதற்குக் குறையக் கூடாது. ரிப்பிள் மெயின்ஸின் இரு மடங்கு அதிர்வெண்ணில் வராமல் மெயின்ஸ் அதிர்வெண்ணிலேயே வந்தால் பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் ஒரு டையோடு திறந்திருக்கிறது (உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது). கெப்பாசிட்டரை விட அது மலிவு, அதை முதலில் பாருங்கள்.

ஒரு பக்கத் தலை மட்டும் வெட்டுப்படுகிறது. இரு சப்ளைகளையும் லோடில் ஒப்பிடுங்கள். சமமாக இருந்தால் அந்தப் பாதியின் டிரைவரோ வெளியீட்டு டிரான்சிஸ்டரோ பலவீனம்.

வெட்டுக்குப் பதில் கூர்மையான முட்கள் வருகின்றன. எல்எம்3886 போன்ற ஐசிகளின் உள்காப்பு வேலை செய்கிறது. 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கரை உயர்ந்த சப்ளையில் ஓட்டினால் இப்படி ஆகும். ஐசியை மாற்றிப் பயனில்லை. சப்ளையைக் குறைக்க வேண்டும், அல்லது ஸ்பீக்கரின் ஓமைக் கூட்ட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரே லோடில் படுத்துவிடுகிறது என்றால் செலவு பெரியது. மாற்றும் முன் வேறொருவரிடமும் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: எந்த அளவில் வைத்தாலும் கிழிகிறது, அல்லது டிசி வருகிறது

பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். அலையின் ஒரு பாதியே வெளியே வருகிறது.

சப்ளை ஃபியூஸ்கள் இரண்டையும் எடுத்து மீட்டரில் பாருங்கள். கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும் ஃபியூஸும் திறந்திருக்கும். போயிருந்தால் அதே மதிப்பில் மாற்றி, சீரிஸ் பல்போடு ஆன் செய்யுங்கள். பல்பு பிரகாசித்தால் ஃபியூஸ் பிழை அல்ல, பின்னால் ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு "ஓடட்டும்" என்று விடுவது போர்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழக்கும் வழி.

அடுத்து எமிட்டர் ரெசிஸ்டர்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அறுந்திருக்கும். 0.22 ஓமைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது, ஆனால் அறுந்ததா இல்லையா என்பதைச் சொல்லிவிடும்.

வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைக் கழற்றி டையோடு அளவில் பாருங்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும்; கலெக்டர் எமிட்டர் இடையே இரு திசையிலும் திறந்திருக்க வேண்டும். சில சர்க்யூட்டுகளில் திறந்துபோன டிரான்சிஸ்டர் லோடு இல்லாதபோது தன்னைக் காட்டிக்கொடுக்காது. டிரைவரே சிறு கரண்டை ஓட்டிவிடும், அலை முழுதாகத் தெரியும். 8 ஓம் போட்டதும் ஒரு பாதி சரியும். ஆகவே லோடு போடாத ஸ்கோப் படத்தை வைத்து ஆம்ப் நலம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வெளியீட்டு டிரான்சிஸ்டர் போயிருந்தால் அதே பக்கத்தின் டிரைவர், எமிட்டர் ரெசிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர் எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் புதிய டிரான்சிஸ்டர் சில நொடிகளில் போய்விடும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் போலிகள் ஏராளம். உள்ளே சிறிய சிப்பை வைத்து மேலே பெயரை மட்டும் அச்சடித்தவை. மீட்டர் சோதனையில் அவை தேறிவிடும், முழு லோடில் வெடிக்கும். உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்குவதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

மாட்டும்போது மைக்கா தாளையும் திருகின் பிளாஸ்டிக் புஷ்ஷையும் தவறவிடாதீர்கள். டிடிஏ7294, டிடிஏ2030, இன்சுலேஷன் இல்லாத எல்எம்3886 ஆகியவற்றின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. தரையோடு தொட்டால் சப்ளை ஷார்ட். திருகிய பிறகு முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் ஓம் பார்த்துவிட்டே கரண்ட் கொடுங்கள்.

பழுது முடிந்ததும் டம்மி லோடில் மூன்றில் ஒரு பங்கு பவரில் 30 நிமிடம் ஓட்டுங்கள். கிளாஸ் ஏபி வெளியீடு அதிகம் சூடாவது முழு பவரில் அல்ல, ஏறக்குறைய இந்த இடத்தில்தான். அதன் பிறகு டிசியும் பயாஸும் மறுபடி.

புதிதாகப் போட்ட வெளியீட்டு டிரான்சிஸ்டர் இரண்டாம் முறையும் போனால், அல்லது சப்ளை சுவிட்ச் மோடாக இருந்து அதுவே கோளாறு என்றால் தொழில்முறை ஆளிடம் கொடுங்கள். சுவிட்ச் மோடு சப்ளையின் முதல் பக்கத்தில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும்.

அறிகுறி: சூடேறிய பிறகு கிழிகிறது

ட்ரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) முதல் சந்தேகம். வெளியீட்டு டிரான்சிஸ்டர் கால்கள், ரெகுலேட்டர் கால்கள், பெரிய ரெசிஸ்டர்களின் அடி, ஆர்சிஏ சாக்கெட்: இந்த இடங்களில் வட்டக் கீறல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்ற வைக்க வேண்டும். மேலே பூசினால் நிற்காது. எது என்று தெரியாவிட்டால் ஹேர் டிரையரால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கி, பிறகு ஃப்ரீசர் ஸ்பிரேயால் ஒவ்வொரு பாகமாகக் குளிரவைத்துப் பாருங்கள். ஒரு தெளிப்பில் கரகரப்பு நின்றால் ஆள் பிடிபட்டது.

அடுத்தது பயாஸ் டிரான்சிஸ்டர். அது ஹீட் சிங்க்கோடு ஒட்டியிருந்தால்தான் சூட்டுக்கு ஏற்ப பயாஸைக் குறைக்கும். திருகு தளர்ந்திருந்தால், அல்லது யாரோ பழுது பார்த்துவிட்டுக் காற்றில் தொங்க விட்டிருந்தால், சூடேறச் சூடேற பயாஸ் ஏறும். பேஸ்ட் பூசித் திருகுங்கள். பேஸ்ட் மெல்லிய படலமாகப் போதும்.

அறிகுறி: பாட்டு இல்லாமலே ஹீட் சிங்க் சுடுகிறது, ட்விட்டர் (உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) எரிகிறது

பயாஸ் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஆம்ப் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானே அலைபாய்கிறது. ஸ்கோப்பில் டோனின் கோடு ஓரிடத்தில் தடித்துப் பஞ்சுபோல் தெரியும். வெளியீட்டில் 10 ஓமும் 100 நானோஃபாரடும் தொடராக இருக்கும், அதுதான் சோபெல். அந்த 10 ஓம் கருகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அதை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: மூலத்திலிருந்து வரும் குப்பை (உள்ளீட்டை ஷார்ட் செய்தால் நிற்கும்), உள்ளீட்டு ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒட்டி ஓடுவது, சப்ளைக் கால்களுக்கு அருகே இருக்க வேண்டிய 100 நானோஃபாரட் விடுபட்டது, கடைசியாக, ஆம்ப் அலைபாயாமல் தடுக்கும், பல பிகோஃபாரட் அளவிலான காம்பன்சேஷன் கெப்பாசிட்டர். இந்தக் கடைசியின் மதிப்பை அனுமானத்தில் மாற்ற வேண்டாம். "மேம்படுத்தலாம்" என்று வேகமான டிரான்சிஸ்டர்களைப் போட்ட பெட்டிகளில் இந்தக் கோளாறு வருவதில் வியப்பில்லை. பழைய காம்பன்சேஷன் பழைய டிரான்சிஸ்டருக்காக வைத்தது.

அறிகுறி: ஹம் (விடாத ரீங்காரம்)

உள்ளீட்டை ஷார்ட்டிங் பிளக்கால் அடையுங்கள். ஹம் நின்றால் அது வெளியிலிருந்து வருகிறது: ஷீல்டு அறுந்த ஒயர், அல்லது இரு கருவிகளின் எர்த் வளையம். எர்த் பின்னைப் பிடுங்கி ஹம்மை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. லைனில் 1:1 ஆடியோ ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அடைத்தும் நிற்கவில்லை என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர், அல்லது உள்ளே தரை ஒயர் மாறியிருக்கிறது.

அறிகுறி: எதுவும் கிழியவில்லை, ஆனாலும் ஒலி துலக்கமாக இல்லை

மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால், கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே போனது அப்படியே பெரிதாகி வெளியே வருகிறதா? இதை அளக்கலாம்.

வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் எதிர்ப்பு). 100 ஹெர்ட்ஸில் லோடு இல்லாமல் 10.00 வோல்ட் வையுங்கள், 8 ஓம் போட்டதும் மறுபடி பாருங்கள். 9.90 என்றால் 8 × 0.10 ÷ 9.90, அதாவது 0.08 ஓம். நன்று. 0.5 ஓம் வந்தால், 3 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஒரு ஸ்பீக்கரில் ஒலியளவு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் 1 டெசிபெல்லுக்கு மேல் மாறும். காது அதை "நிறம்" என்று உணரும். மெல்லிய ஸ்பீக்கர் ஒயரும் இதையே செய்யும்: போக வர 10 மீட்டர், 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் 0.23 ஓம், 2.5 என்றால் 0.07. ஒயரை மாற்றுவது ஆம்பை மாற்றுவதை விட எளிது.

ஹார்மோனிக்ஸ் (டோனின் மடங்கு அதிர்வெண்கள்). 1 கிலோஹெர்ட்ஸில் 1 வாட் (8 ஓமில் 2.83 வோல்ட்), பிறகு பாதி பவர், பிறகு உச்சத்துக்குச் சற்றுக் கீழே என்று மூன்று அளவுகளில் பாருங்கள். 1 சதவீதம் என்றால் −40 டெசிபெல், 0.1 என்றால் −60, 0.01 என்றால் −80. 2ஆம் கம்பி மட்டும் உயர்ந்திருந்தால் இரு பாதிகள் சமமில்லை. 3ஆம் கம்பி உயர்ந்தால் இரு பக்கமும் சமமாக அமுங்குகிறது. உயர்ந்த ஒற்றை எண்கள் வரிசையாக நின்றால் பயாஸ் பகுதிக்குத் திரும்புங்கள். 20 முதல் 50 ஹெர்ட்ஸில் மட்டும் சிதைவு ஏறினால் ஃபீட்பேக் பாதையில் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளீட்டுக்குக் கொண்டுவரும் வழி) அல்லது சிக்னல் பாதையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் வறண்டிருக்கலாம். அதை மாற்றச் செலவு அற்பம்.

மேல் அதிர்வெண்களுக்கு ஒற்றை டோன் போதாது. 10 கிலோஹெர்ட்ஸின் 3ஆம் ஹார்மோனிக் 30 கிலோஹெர்ட்ஸில் விழும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் அது தெரியவே தெரியாது, எண் அழகாக வரும். அதனால் 19, 20 கிலோஹெர்ட்ஸ் டோன்களைச் சம அளவில் ஒன்றாகக் கொடுத்து, 1 கிலோஹெர்ட்ஸிலும் 18, 21 கிலோஹெர்ட்ஸிலும் என்ன முளைக்கிறது என்று பாருங்கள். பவரைக் குறைவாக வைத்து, சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். நீண்ட நேரம் ஓட்டினால் சோபெல் ரெசிஸ்டர் சுடும். இந்தச் சோதனையை ஸ்பீக்கரில் செய்யக் கூடாது, ட்விட்டர் போய்விடும்.

கழித்தல் சோதனை. பீட்டர் பாக்சண்டால், டேவிட் ஹாஃப்லர் போன்ற பொறியாளர்கள் சர்க்யூட் கட்டிச் செய்ததை இப்போது கோப்புகளை வைத்துச் செய்யலாம். ஒரு பாட்டை ஆம்ப் வழியாக, ஸ்பீக்கர் லோடோடு ஓட்டி, டிவைடர் வழியே பதிவு செய்யுங்கள். அதே பாட்டை ஆம்ப் இல்லாமல் இன்டர்ஃபேஸின் சுற்றில் மட்டும் இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். இரண்டையும் டெல்டாவேவ் போன்ற மென்பொருளில் கொடுத்தால் அளவையும் நேரத்தையும் பொருத்திக் கழித்து மிச்சத்தைத் தரும். பொருத்தம் இங்கே உயிர்நாடி. அளவில் 0.1 டெசிபெல் பிசகினால் ஆம்ப் குற்றமற்றதாக இருந்தாலும் மிச்சம் −39 டெசிபெல்லுக்குக் கீழே போகாது. அலையின் கட்டத்தில் (ஃபேஸ்) 1 டிகிரி பிசகினால் −35. ஆகவே மிச்சத்தின் எண்ணை மட்டும் பார்க்காமல் காதில் கேளுங்கள். பாட்டு மெலிதாக, சுத்தமாகக் கேட்டால் அது பொருத்தக் குறைவு அல்லது அதிர்வெண் ஓரங்களின் சரிவு. கரகரவென்று, பாட்டின் உச்சங்களோடு சேர்ந்து வந்தால் சிதைவு. சீராக ஓடும் ரீங்காரம் என்றால் ஹம். அது சிதைவுக் கணக்கில் சேராது.

இன்னும் சந்தேகம் என்றால், எது எதுவென்று சொல்லாமல் கேட்கும் ஏபிஎக்ஸ் சோதனை. கழித்தலுக்குப் பதிவு செய்த அதே இரு கோப்புகளையும் அளவு 0.1 டெசிபெல்லுக்குள் ஒத்துப்போகும்படி வைத்து, ஃபூபார்2000இன் ஏபிஎக்ஸ் கருவியில் கேளுங்கள். கூடுதல் சத்தமுள்ளதைக் காது "தெளிவு" என்று தேர்ந்துவிடும், அதனால் இந்த அளவுப் பொருத்தத்தில் சலுகை கிடையாது. 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு; வித்தியாசம் உண்மையில் இருக்கிறது, மேலே சொன்ன அளவுகளுக்குத் திரும்பிப் போய் எது என்று கண்டுபிடியுங்கள். 8, 9 முறைதான் சரி என்றால் ஆம்பை மூடித் திருகிவிட்டு, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள்.